காலையில் நடுங்கும் வண்டி

மார்கழி பிறந்ததிலிருந்து என் காருக்குக் காலையில் நடுக்கம். சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்து, தெருவையே எழுப்பிவிட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும். ஆன பிறகும் நிம்மதி கிடையாது. நின்ற இடத்திலேயே குதிக்கும், கதவும் கண்ணாடியும் கடகடவென ஆடும், பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி எதிர்வீட்டை மறைக்கும். கொஞ்ச தூரம் ஓடி எஞ்சின் சூடேறிவிட்டால் போதும், நானா அப்படிச் செய்தேன் என்பதுபோல் சாதுவாகிவிடும்.

எங்கள் ஊர் தாயில்பட்டியில் ஒரு பொம்பளை கார் ஓட்டினால் அவளுக்கு யோசனை சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. டீசலில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்றார் ஒருவர். எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அவர் தன் வாழ்நாளில் சைக்கிள் செயினைத் தவிர எதையும் கழற்றியதில்லை. எதிர்வீட்டு அக்கா கண்ணேறு என்று சொல்லி எலுமிச்சம்பழம் கட்டிவிட்டாள். அது பாட்டுக்கு வண்டியோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. குளிருக்கு எல்லா டீசல் வண்டியும் அப்படித்தான் இருக்கும், விட்டுவிடு என்றவர்கள்தான் அதிகம். அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். போன மார்கழியும் மார்கழிதானே? அப்போது இந்த வண்டி ஒரே பிடியில் ஸ்டார்ட் ஆனதே.

என் பெயர் மாரிசெல்வி. வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு எங்கள் தெருப் பெண்களைக் காலையில் கூட்டிப்போய், மாலையில் கூட்டிவருவது என் வேலை. வெடிமருந்து கலக்கிற வேலை வெயில் ஏறுமுன் முடிய வேண்டும் என்பதால் விடியுமுன்பே கிளம்பிவிடுவோம். கம்பெனிக்குள் வண்டி போகக்கூடாது. கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதனடியில் நிறுத்திவிட்டு மாலைவரை நானும் அங்கேயே இருப்பேன்.

முன்பு நானும் உள்ளே வேலை பார்த்தவள்தான். என் வீட்டுக்காரர் அன்பரசன் வேறொரு கம்பெனியில் மருந்து திணிக்கிற அறையில் இருந்தார். ஒருநாள் அந்த அறை போய்விட்டது. வாசலோரம் உட்கார்ந்திருந்ததால் அவர் பிழைத்தார். கூட இருந்தவர்கள் பிழைக்கவில்லை. வலது கையில் விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே நான் முடிவெடுத்தேன், இனி மருந்து இருக்கிற இடத்துக்குள் கால் வைப்பதில்லை என்று. நஷ்டஈட்டில் இந்தப் பழைய காரை வாங்கி, ஓட்டப் பழகி, அதே பெண்களை ஏற்றிச்செல்ல ஆரம்பித்தேன். கேட்டுக்கு வெளியிலேயே என் எல்லை முடிந்துவிடும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அன்பரசன் ஆடு வளர்க்கிறார். தினமும் சாயந்தரம் வண்டியைக் கழுவித் துடைத்து வைப்பதும் அவர்தான். அடுப்பைப் பற்றவைக்க நான் தீப்பெட்டியை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். தீபாவளிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். கம்பெனிகள் இருக்கிற ரோட்டுப் பக்கமே போகமாட்டார். அதை யாரும் கேலி செய்ததில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி வீட்டுக்கு ஒருவர் இருப்பார்.

வண்டி நடுங்குவதைப் பொறுத்துக்கொண்டே ஓட்டியிருப்பேன். மழை வந்துதான் கெடுத்தது. அன்று காலையிலிருந்தே தூறல், மதியம் மின்னல். மின்னல் வெட்டினால் கம்பெனியில் வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருப் பெண்கள் முதலில் வந்து ஏறிக்கொண்டார்கள். நனைந்து குளிர்ந்து கிடந்த வண்டி சாவியைத் திருப்பியதும் அழுது, ஆடி, ஒரு மேகத்தையே கக்கியது. காற்று அதை அப்படியே கேட்டுக்குள் கொண்டுபோனது. உள்ளே மிச்சமிருந்தவர்கள் புகையைப் பார்த்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் யாரும் எங்கிருந்து புகை என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. எல்லாரும் ஓடினார்கள். சேற்றில் விழுந்து ஒருத்திக்குக் கால் பிசகிவிட்டது.

மேனேஜர் மணிகண்டராஜ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வேறு வண்டி பேசியிருப்பதாகச் சொன்னார். புகையைப் பார்த்தால் அவருடைய ஆட்கள் ஓடத்தான் செய்வார்கள், ஓடாதே என்று அவரால் சொல்ல முடியாது என்றார். அதுவும் நியாயம்தான். அதற்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று நான் கெஞ்சவில்லை, வாக்குக் கொடுத்தேன். திங்கட்கிழமை பார்ப்போம் என்றார். பிறகு என்மேல் இரக்கப்பட்டு ஒன்று சொன்னார்.

“வண்டி சரியாகலேன்னா வெறுங்கையோட போயிராத மாரிசெல்வி. திரி ரூம்ல ஒரு எடம் காலியா இருக்கு. ஒனக்குத்தான் வேலை தெரியுமே.”

வீட்டுக்கு வந்து வண்டி ஓட்டம் போய்விடும்போல இருக்கிறது என்பதை மட்டும் அன்பரசனிடம் சொன்னேன். வெடிக்குத் திரி வைக்கிற அந்த அறைப் பேச்சைச் சொல்லவில்லை. அவர் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார். நான் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து, அந்த அறையில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். என்ன ஆனாலும் இந்த வண்டியைத் திங்கட்கிழமைக்குள் நேராக்குவது என்று அப்போதே கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் பெண்களை இறக்கிவிட்டு நேராகச் சாத்தூருக்கு ஓட்டினேன். அங்கே பிரபாகரன் என்றொரு மெக்கானிக் இருக்கிறார். என் கெட்ட நேரம், சாத்தூர் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிட்டது. காய்ச்சல் பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப்போனால் அங்கே போய் அது விளையாடுமே, அந்த மாதிரி சொகுசாக ஓடிக் காட்டியது. பிரபாகரன் என்னைச் சந்தேகப்படவில்லை. டீசல் ஃபில்டரில் தண்ணீர் நின்றிருக்கிறதா என்று வடித்துப் பார்த்தார், இல்லை. ஃபில்டரைப் புதிதாக மாற்றினார். டீசல் பைப்பில் எங்காவது காற்று ஏறுகிறதா என்று கைப்பம்பை அமுக்கிப் பார்த்தார். அதுவும் இல்லை. கடைசியாக ஹீட்டர் லைட் எரிகிறதா என்று கேட்டார்.

டீசல் எஞ்சினுக்குள் விரல் நீளத்தில் ஹீட்டர் பிளக் என்று சில இருக்கும். குளிர்ந்து கிடக்கும்போது சாவியைப் பாதி திருப்பினால் அவற்றின் முனை பழுத்துச் சிவந்து உள்ளே சூடு கொடுக்கும். அதுவரை டேஷ்போர்டில் சுருள் கம்பி மாதிரி ஒரு விளக்கு எரியும். அது அணைந்த பிறகு மீதியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகும். எங்கள் வண்டியில் அந்த விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. அப்படியானால் ஹீட்டரில் கோளாறு இல்லை என்று பிரபாகரன் சொன்னார், நானும் தலையாட்டினேன். மிச்சம் இருப்பது இன்ஜெக்டர்தான், வண்டியை விட்டுவிட்டுப் போனால் அடுத்த வாரம் கழற்றிப் பார்க்கிறேன் என்றார். அடுத்த வாரம் எனக்கு வண்டியே தேவைப்படாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

சனிக்கிழமை விடியுமுன் வழக்கம்போல் எல்லாரும் வந்து ஏறினார்கள். முன்சீட்டில் உட்காருகிறவள் அய்யம்மாள். எனக்குச் சித்தி முறை. அவளுடைய தோட்டுத் திருகாணி கழன்று காலடியில் விழுந்துவிட்டது. நகை தொலைந்தால் உலகமே நிற்க வேண்டும் என்கிற ரகம் அவள். கூரை விளக்கைப் போட்டுவிட்டுக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு நேரமாகிறது. விளக்கை அணைக்காமலே சாவியைப் பாதி திருப்பி, ஹீட்டர் லைட் அணைவதற்காகக் காத்திருந்தேன்.

“புது பேட்டரி போட்டியா செல்வி?” என்றாள் அய்யம்மாள் தலையைத் தூக்கி. “முன்னெல்லாம் நீ சாவியத் திருப்புனா இந்த லைட்டு செத்துப்போகும். ஒண்ணுந் தெரியாது. இப்பப் பாரு, எப்பிடி எரியுது.”

பேட்டரி பழையதுதான். வெம்பக்கோட்டை போய்ச் சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு ஓட்டினேன். கூரை விளக்கு முன்பு மங்கும் என்பது எனக்கும் தெரியும். பழுக்கிற கம்பி கரண்டை அள்ளிக் குடிக்கும், அதனால் மற்ற விளக்குகள் மங்கும். இப்போது மங்கவில்லை என்றால் கரண்டைக் குடிக்க வேண்டியது குடிக்கவில்லை. டேஷ்போர்டில் சுருள் எரிவதைப் பார்த்தே நாங்கள் எல்லாரும் ஏமாந்திருக்கிறோம். ஹீட்டருக்குக் கரண்டு போகச் சொல்லி உத்தரவு போயிருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அந்த விளக்கு சாட்சி. போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

ஞாயிறு கம்பெனிக்கு விடுமுறை. அன்பரசன் ஆடுகளைப் பத்திக்கொண்டு போனதும் பானட்டைத் திறந்தேன். எஞ்சின் ஜில்லென்று இருந்தது. ஹீட்டருக்குப் போகிற ஒயர் மற்ற ஒயர்களைவிடத் தடிமனாக இருக்கும் என்று பிரபாகரனிடம் போனில் கேட்டுவைத்திருந்தேன். பேட்டரிப் பக்கமிருந்து அதைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே போனேன். காற்றுப் பைப்புக்குப் பின்னால் கண் எட்டாத இடத்துக்குள் அது நுழைந்தது. கையைச் சாய்த்து உள்ளே விட்டேன். இரும்பில் நட்டுப் போட்டு முறுக்கியிருக்க வேண்டிய முனை இரும்பில் இல்லை. தனியாகக் கிடந்தது. எலி கடித்திருக்கும் என்று நினைத்து வெளியே இழுத்தேன்.

எலி கடித்த முனை இல்லை அது. முனையை மறைத்துப் பழுப்புக் காகிதம் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அதன்மேல் வெள்ளை நூல், வரிசை பிசகாமல், கடைசியில் ஒரு முடிச்சு. கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். வெடிக்குத் திரி வைத்தபின் தவறிக்கூட ஒரு பொறி பட்டுவிடக்கூடாது என்று அதன் முனையை இப்படித்தான் காகிதத்தால் மூடிக் கட்டுவோம். வேலை தெரிந்த கைதான் இதைக் கட்டியிருக்கிறது. எந்தக் கை என்பதையும் முடிச்சு சொல்லிவிட்டது. இடது கையால் நூலைச் சுற்றி, ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்தால்தான் முடிச்சு அப்படி ஒருபக்கமாக ஒதுங்கும். எங்கள் வீட்டில் அரிசிச் சாக்கிலிருந்து ஆட்டுக்கயிறுவரை எல்லாம் அந்த முடிச்சுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எத்தனை காலை இந்த மனிதர் கண் முன்னால் வண்டியோடு மல்லுக்கட்டினேன். டீசலைத் திட்டினேன், குளிரைத் திட்டினேன், ஊரான் சொன்ன யோசனைக்கெல்லாம் காதைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாரே. அவர் ஆடுகளோடு திரும்பி வந்தபோது ஒயரைக் கையில் பிடித்தபடி வண்டி அருகிலேயே நின்றிருந்தேன்.

“இத எதுக்குக் கட்டுனீக?”

அவர் மறுக்கவில்லை. ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து நின்றார்.

“நீதான சொன்ன. சாவியத் திருப்புனா உள்ள கம்பி பழுத்துச் செவக்கும்னு. வண்டியத் தொடைக்கயில அந்தத் தடிச்ச ஒயரு எஞ்சினுக்குள்ள போறதப் பாத்து வச்சிருந்தேன். சாயந்தரம் அவுக துணியெல்லாம் மருந்தோட வந்து ஏறுறாக. நீயும் அதுக்குள்ளதான் இருக்க.”

நான் சொன்னதுதான். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சுருள் விளக்கு என்ன என்று கேட்டார், எனக்குத் தெரிந்ததைப் பெருமையாக விளக்கினேன். மார்கழி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். இப்போது திரும்பவும் விளக்கினேன், இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு. கம்பி பழுப்பது எஞ்சினுக்குள், எஞ்சின் கனத்த இரும்பு, பழுத்தது வெளியே வர வழியே கிடையாது, ஆட்கள் உட்காருவது அதற்கும் பின்னால் என்று சொல்லி, எஞ்சினை ஓங்கித் தட்டியும் காட்டினேன்.

“நாங்க இருந்த ரூமுக்கும் இரும்புக் கதவுதான் போட்டிருந்தாக” என்றார்.

இந்த மனிதரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. அவர் பயத்தை முட்டாள்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. மருந்து அறையில் பயப்படத் தெரிந்தவன்தான் வீடு திரும்புகிறான் என்று எங்களுக்குச் சொல்லித்தானே வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் நாளைக்குத் திங்கட்கிழமை. சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“வண்டி போச்சுன்னா நான் எங்கன போவேன்னு நினைச்சீக? திரி ரூம்ல எடம் இருக்குன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. வாரேன்னு சொல்றதத் தவிர எனக்கு வேற என்ன இருக்கு?”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கைக்கட்டைப் பிரித்து முதன்முதலாக விரல்களைப் பார்த்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆனதில்லை. என்னைத் தீயிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து அவர் கட்டிய முடிச்சு என்னை இழுத்துக்கொண்டுபோய் எங்கே உட்காரவைக்க இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கத்தியை எடுத்து வந்து அந்த நூலை அறுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை அசைத்து ஒயரை வாங்கிக்கொண்டார். பல்லால் முடிச்சை இளக்கி, நூலைப் பிரித்து, காகிதத்தை உரித்தார். நான் இடம் காட்டினேன். இடது கையாலேயே நட்டைப் போட்டு, ஸ்பேனரால் முறுக்கினார்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். சாவியைத் திருப்பும்போது வண்டிக்குள் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கக்கூடாது. விளக்கு அணைந்து, எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகுதான் ஆட்கள் ஏற வேண்டும். மருந்து அறையில் எதற்கும் ஒரு வரிசை உண்டு. அவர் கேட்டதும் ஒரு வரிசைதான். அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, சரி என்றேன். கூரை விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைப் பாதி திருப்பினேன். விளக்கு செத்துப்போனது. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது! மீதியைத் திருப்பியதும் ஒரே பிடியில் ஸ்டார்ட் ஆகி, அதிர்வு இல்லாமல் ஓடியது. திரும்பிப் பார்த்தேன். அன்பரசன் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் தூரத்தில் நின்றிருந்தார்.

திங்கட்கிழமை விடியுமுன் பெண்களை வெளியிலேயே நிறுத்தினேன். குளிரில் நிற்கவைக்கிறாளே என்று அய்யம்மாள் முணுமுணுத்தாள். வண்டி ஸ்டார்ட் ஆன விதத்தைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். எல்லாரும் ஏறிய பிறகு பின்கதவு இன்னொரு தடவை திறந்தது. அன்பரசன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிக் கடைசியில் உட்கார்ந்தார். வழியில் இருபுறமும் கம்பெனி போர்டுகள் வர ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கம்பெனிக் கேட் வந்த பிறகுதான் திறந்தார்.

பேசி வைத்திருந்த அந்த இன்னொரு வண்டியும் அங்கே வந்து நின்றது. மணிகண்டராஜ் என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காலையில் சூடாக வந்து நிற்கிற வண்டியில் என்ன தெரியும், புகை வந்தது மத்தியானம்தானே என்றார். இரண்டு வண்டியும் நிற்கட்டும், வேலை முடியும்போது பார்த்து முடிவு சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். நானும் அன்பரசனும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் கேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மதியம் கொண்டுவந்த சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டார். மேகம் மூடி, ஊசிக் காற்று அடித்து, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்துவிட்டது.

வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். முகத்திலும் சேலையிலும் வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள். மணிகண்டராஜ் கேட்டருகே வந்து நின்றார். அன்பரசன் எழுந்துபோய்ப் பெண்களைத் தள்ளியே நிறுத்தினார். திரும்பி வந்தவர் அவர்களோடு போய் நிற்பார் என்று நினைத்தேன். வண்டியின் முன்னால் வந்து, ஒட்டிப்போன விரல்களோடு அந்த வலது கையைப் பானட்டின்மேல் வைத்தார். உள்ளங்கை முழுக்கப் படும்படி அழுத்தி வைத்தார். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த நான் தலையை வெளியே நீட்டினேன்.

தள்ளி நிற்கச் சொன்னேன். கேட்கவில்லை.

“திருப்பு செல்வி” என்றார்.

பாதி திருப்பினேன். சுருள் எரிந்தது. இவ்வளவு நேரம் அது எரிந்து நான் பார்த்ததில்லை என்று தோன்றியது. அணைந்தது. மீதியைத் திருப்பினேன். எஞ்சின் ஒரே பிடியில் ஸ்டார்ட் ஆகி நிதானமாக ஓடியது. பின்னால் புகை இல்லை. மணிகண்டராஜ் கொஞ்சநேரம் சைலன்சரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த இன்னொரு வண்டிக்காரரிடம் போய் ஏதோ சொன்னார். அது கிளம்பிப் போனது.

அன்பரசன் கையை எடுக்கவில்லை. எஞ்சினின் ஓட்டத்தை உள்ளங்கையால் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, காத்து நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

“இப்ப ஏறுங்க.”